விவிலியக் கதையும் ஓவியக் கண்ணும்

நூலுக்கு உரை காண்பது தமிழர்க்குப் புதிய வழக்கன்று. திருக்குறளுக்குப் பதின்மர் உரை வகுத்தனர் என்று கூறுவது மரபு. பரிமேலழகர் ஒரு சொல்லுக்குக் கொண்ட பொருளை மணக்குடவர் கொள்ளாத இடங்கள் பல உள. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் மாணவனுக்கே மூலம் எவ்வளவு இடம் விட்டு நிற்கின்றது என்பது புலனாகும். விவிலியக் கதைகளைத் தீட்டிய மேலைநாட்டு ஓவியர்களையும் இவ்வாறே உரையாசிரியர்களாகக் கொள்ளலாம். கதையோடு ஒட்டிய அழகுப்பொருளாக ஓவியத்தைக் காட்டுவது ஒன்று. கதையைப் படித்த ஒரு பெருங்கலைஞர் அதைப் பற்றிக் கொண்ட கருத்தாக அதனைப் படிப்பது வேறொன்று. குழந்தைகளுக்குக் கதை சொல்லுமிடத்தில் இவ்வேறுபாடு பெரிதாகிவிடுகின்றது.

ஜொகூரில் பத்து பகாட், குளுவாங், யோங் பெங் ஆகிய ஊர்களின் சாலைகள் வந்து கூடும் ஆயர் ஈத்தாம் போன்ற சிற்றூர்களில் வாழும் கிறித்தவத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு விவிலியக் கதை பெரும்பாலும் மூன்று வழிகளில் வந்து சேர்கின்றது: வீட்டில் தாயோ பாட்டியோ சொல்லும் சொல், ஞாயிறு வகுப்பு, சுவரில் தொங்கும் நாட்காட்டி. இம்மூன்றில் நாட்காட்டியின் வலிமையை ஆசிரியர்கள் குறைத்தே மதிப்பிடுகின்றனர். எழுத்தறியுமுன்னே குழந்தை அதைப் பார்த்துவிடுகின்றது; ஆண்டு முழுதும் பார்க்கின்றது. சிக்காகோவைச் சேர்ந்த வார்னர் சால்மன் 1940-இல் தீட்டிய கிறித்துவின் முகம் ஐம்பது கோடிப் படிகளுக்கு மேல் அச்சாயிற்று என்பர். செருமானியர் ஓப்மன் 1886-இல் தீட்டிய கெத்செமனே தோட்டத்து வேண்டுதலும் அவ்வாறே நாடெல்லாம் பரவியது. இப்படங்களை வழிபாட்டு மனத்தோடு வீட்டில் வைத்திருப்போரைக் குறைகூறுவது இங்கு நோக்கமன்று. ஆனால் கதை கற்பிக்கும் கருவியாக அவை பயன்படுமா என்றால், பயன்படா என்றே சொல்ல வேண்டும். அவற்றில் கேட்பதற்கு ஒன்றுமில்லை. மென்மையான முகம், மேல்நோக்கிய கண், பொன்னிற ஒளி. குழந்தை ஒரு நொடியில் பார்த்து முடித்துவிடுகின்றது. அதன்பின் ஆசிரியர் தம் அறிவுரையைத் தொடங்குவதற்கு அப்படம் ஒரு திரைச்சீலை ஆகிவிடுகின்றது.

முன்னாளில் நல்ல ஓவியத்தின் படியை வாங்குவது தோட்டப்புறத்தார்க்கு எட்டாத காரியம். மிசன்கள் அச்சிட்ட படச்சுருள்களே கிடைத்தன. இன்றோ பெரிய அருங்காட்சியகங்கள் தம் ஓவியங்களை எவரும் பார்க்கும்படி வெளியிட்டுள்ளன. கைப்பேசியில் பெயரைத் தட்டினால் ரெம்பிராண்டு வந்து நிற்கின்றார். ஆகவே எந்த ஓவியத்தை எடுப்பது, எடுத்தபின் என் செய்வது என்பவை இப்பொழுது உண்மையான வினாக்களாகிவிட்டன.

ஊதாரி மைந்தன் கதையை எடுத்துக்கொள்வோம். ரெம்பிராண்டு தம் இறுதி நாட்களில், ஏறத்தாழ 1668-இல், தீட்டிய மைந்தனின் மீள்வருகை ருசியாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்து எர்மிட்டாஜ் அருங்காட்சியகத்தில் உள்ளது. எட்டரை அடி உயரம், ஏழடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். கைப்பேசியில் அது தீப்பெட்டி அளவாகச் சுருங்கிவிடுவதால், வகுப்புச் சுவரில் சுண்ணக்கட்டியால் அதன் உண்மையளவைக் கோடிட்டுக் காட்டுவது நன்று. மண்டியிட்ட மகன் கிட்டத்தட்ட ஓர் ஆளின் அளவில் இருக்கின்றான் என்பதைப் பிள்ளைகள் அப்பொழுதே உணர்வார்கள்.

மகனின் முகம் நமக்குத் தெரிவதில்லை. தெரிவது அவன் முதுகும் உள்ளங்காலுமே. ஒரு காலின் செருப்புக் கழன்று கிடக்கின்றது. மற்றொரு செருப்புக் கிழிந்து குதிகாலைக் காட்டுகின்றது. எத்துணைத் தொலைவு நடந்தான் என்று கதை சொல்லவில்லை, ஓவியர் சொல்லிவிட்டார். தலையோ மழிக்கப்பட்டிருக்கின்றது. இங்கேதான் தமிழ்க் குழந்தையின் கண் வேறு வழியில் செல்லக்கூடும். மொட்டைத் தலை என்றால் பத்துமலையும் தைப்பூசமும் அதற்கு நினைவு வரலாம். நேர்த்திக்கடன் செலுத்திவிட்டு வந்தவன் என்று அது எண்ணலாம். தந்தை இருக்கும்போதே மொட்டை ஏன் என்று கேட்கவும் கூடும். இவ்வினாக்களைக் கண்டு சிரிப்பதும், தவறு என்று ஒதுக்குவதும் கூடா. ரெம்பிராண்டின் உலகில் மழித்த தலை இழிவின் அடையாளம். அடிமையையும் கைதியையும் நினைவூட்டுவது. நம் உலகில் அது பணிவின் அடையாளம். இரண்டு பொருளும் அம்மகனுக்குப் பொருந்துகின்றன என்று ஒரு நல்லாசிரியர் காட்டிவிடுவார். ஓவியர் எண்ணாத ஒரு பொருளைத் தமிழ்ப்பிள்ளை கொண்டுவந்து சேர்க்கின்றது. அதனால் ஓவியம் கெட்டுவிடவில்லை.

இன்னொன்று: வலப்புறத்தில் கை கோத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கும் ஒருவரை மூத்த மகன் என்றே பலரும் கொள்வர். ஆனால் கதைப்படி தந்தை இளையவனைத் தழுவிக்கொண்ட வேளையில் மூத்தவன் வயலில் இருந்தான், பிறகே வந்தான், வீட்டுக்குள் நுழையவும் மறுத்தான். கதையை நன்கு கேட்ட ஒரு பிள்ளை, அவன் இங்கே எப்படி வந்தான் என்று கேட்டுவிட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமை வீணாகவில்லை. காலத்தால் பிரிந்த இரண்டு காட்சிகளை ஓவியர் ஒரே சட்டத்தில் அடைத்துவிட்டார். அவ்வாறு செய்தது ஏன் என்பதே உரை.

தோட்டப்பிள்ளைகளுக்கு இதைவிட நெருக்கமான ஓவியம் ஒன்று உண்டு. அது அவ்வளவாக அறியப்படாதது. 1637-இல் ரெம்பிராண்டு தீட்டிய திராட்சைத் தோட்டக் கூலியாட்கள். இதுவும் எர்மிட்டாஜில்தான் உள்ளது. அளவோ ஒரு முழ அகலங்கூட இல்லை. கதை அனைவரும் அறிந்ததே. விடியலில் வந்தவர், நடுப்பகலில் வந்தவர், பொழுது சாயும் வேளையில் வந்தவர் ஆகிய எல்லார்க்கும் ஒரே கூலி கொடுக்கப்பட, நாள் முழுதும் வெயிலில் உழைத்தவர்கள் முறுமுறுக்கின்றனர். ஓவியர் திராட்சைத் தோட்டத்தைத் தீட்டவே இல்லை. ஓர் இருண்ட அறையைத் தீட்டினார். பெரிய சன்னல், அதனோரம் மேசை, மேசையருகே முதலாளி, அவர் முன் முறையிட்டு நிற்கும் கூலியாட்கள், பின்னே நிழலில் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிறர். சுருங்கச் சொன்னால், ஒரு தோட்டத்து ஆபீசு, சம்பள நாள்.

மலாயாத் தோட்டங்களில் வாழ்ந்தவர்க்கு இவ்வறை தெரியாததன்று. விடியுமுன் பெரட்டு, பெயர் கூப்பிடும் தண்டல், செக்ரோலில் குறிக்கும் கிராணி, அரை நாள் பெயர் போட்டதற்காக எழும் வாய்ச்சண்டை என்பனவெல்லாம் இரண்டு தலைமுறைக்கு முன்வரை அன்றாட வாழ்க்கை. இன்றைய பிள்ளைகள் இவற்றை நேரில் கண்டவரல்லர்; பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, குடும்பங்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தன. ஆயினும் பாட்டன் பாட்டி வாய்ச்சொல்லில் அவ்வாபீசு இன்னும் இருக்கின்றது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி வேண்டும் என்பதும் ஒன்று. ஒரே வேலைக்கு இரு வேறு கூலி பெற்றவர்களின் பேரப்பிள்ளைகளிடம், வெவ்வேறு அளவு வேலைக்கு ஒரே கூலி கொடுத்த முதலாளியின் கதையைச் சொல்லப் புகும்போது ஆசிரியர் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

ஞாயிறு வகுப்பின் பாடநூல்கள் பல இங்கே தவறிவிடுகின்றன. முதல் வரியிலேயே, இக்கதை இறைவனின் தாராளத்தைக் காட்டுகின்றது என்று எழுதிவிடுகின்றன. முறையிட்டவர்கள் பொறாமைக்காரர்கள் என்ற தீர்ப்பும் உடனே வந்துவிடுகின்றது. உழைப்பாளியின் முறையீடு என்றாலே பொறாமை என்று ஒரு குழந்தை கற்றுக்கொள்ளுமானால் அது விவிலியத்துக்கும் நேர்மையன்று, அக்குழந்தையின் பாட்டனுக்கும் நேர்மையன்று. ஓவியத்தை முதலில் காட்டி, கதையைப் பின்னர்ச் சொன்னால் நிலை மாறுகின்றது. மேசை முன் நிற்பவர்கள் யார், எதற்காகக் கோபப்படுகின்றனர், அவர்கள் பக்கம் நியாயம் உண்டா என்று கேட்டால் பிள்ளைகள் பெரும்பாலும் கூலியாட்களின் பக்கமே சேருவார்கள். சேரவேண்டும். கேட்பவனுக்கு முதலில் அந்த முறையீடு நியாயமாகப் படாவிட்டால் உவமையின் திருப்பத்துக்கு இடமே இல்லை. கடைசி மணியில் வந்தவனும் காலை முதல் சந்தையில் நின்றவன்தான், அவனை ஒருவரும் கூப்பிடவில்லை என்ற செய்தி அதன்பின் வந்தால்தான் உறைக்கும். வேலை கிடைக்காமல் நிற்பதும் ஓர் உழைப்பே என்பதைத் தோட்டம் மூடப்பட்டபின் பட்டணம் வந்த குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

உவமைகளுக்கு ஓவியம் முன், கதை பின் என்பது இதனாற் பெறப்படும். வரலாற்று நிகழ்ச்சியாகச் சொல்லப்படும் கதைகளுக்கோ கதையே முந்தவேண்டும். இல்லையேல் ஓவியர் சேர்த்ததையும் மூலத்தில் உள்ளதையும் குழந்தை பிரித்தறியாது.

ஆபிரகாம் விருந்தினரை ஏற்ற கதை இதற்கு நல்ல சான்று. வெயில் வேளையில் மூவர் வருகின்றனர். ஆபிரகாம் ஓடிச்சென்று பணிந்து, கால் கழுவ நீர் தந்து, மரநிழலில் உணவிடுகின்றார். சாராள் உள்ளிருந்து கேட்டுத் தனக்குள் நகைக்கின்றாள். வள்ளுவரின் விருந்தோம்பல் அதிகாரத்தைக் கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு இக்கதை எடுத்துக்காட்டாகவே பயன்படும். இதனை 1656-இல் ரெம்பிராண்டு செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டார். அதில் விருந்தினர் நாற்காலியில் அமரவில்லை. தரையில் விரிப்பின்மேல் அமர்ந்து உண்கின்றனர். ஆபிரகாம் குடத்தோடு தாழ்ந்து நிற்கின்றார். கதவிடுக்கில் சாராள். சிறுவன் இஸ்மவேல் முதுகைக் காட்டிக்கொண்டு வில்லை வளைக்கின்றான். பெரியவர் பேச்சில் சிறுவர்க்கு நாட்டம் இல்லை என்பதை ஓவியர் நன்கு அறிந்திருக்கின்றார்.

அத்தரைப்பந்தி எங்கிருந்து வந்தது? இந்தியாவிலிருந்து. முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து ரெம்பிராண்டு இருபதுக்கு மேற்பட்ட வரைபடங்களை எழுதினார். மரத்தடியில் முதியவர் நால்வர் அமர்ந்திருக்கும் ஒன்று அவற்றுள் அடங்கும். அதுவே ஆபிரகாம் படத்தின் அமைப்புக்கு வழிகாட்டிற்று என்று கலை வரலாற்றார் காட்டியுள்ளனர். இக்கொடுக்கல் வாங்கலின் மறுபக்கமும் சுவையானது. 1580-இல் அக்பரின் அவைக்கு வந்த இயேசு சபையினர், ஆண்ட்வெர்ப்பில் அச்சான பன்மொழி விவிலியத்தை அவருக்குக் காணிக்கையாக அளித்தனர். அதிலும் பிற அச்சுகளிலும் கண்ட படங்களை அவை ஓவியர்கள் படியெடுத்துத் தம் முறையில் மாற்றித் தீட்டினர். மேலைப் படம் இந்தியாவுக்கு வந்தது. இந்தியப் படம் ஆம்ஸ்டர்டாமுக்குச் சென்று ஆபிரகாமைத் தரையில் அமர்த்திற்று. இவ்வோவியங்களெல்லாம் வெள்ளைக்காரர் சொத்து, நமக்கென்ன என்று கேட்போர்க்கு இதற்குமேல் விடை வேண்டா.

மூலத்தில் வந்தவர் மனிதர் மூவர். ரெம்பிராண்டோ இருவர்க்குச் சிறகு வைத்து, ஒருவரை நரைத்த தாடியுடைய பெரியவராக்கினார். கதையை முன்பே கேட்ட பிள்ளை சிறகைக் கண்டு வியப்படையும். அவ்வியப்பை விளக்கிக் கெடுக்காமல், ஓவியர் ஏன் சேர்த்தார் என்று அவர்களையே எண்ணவிடலாம்.

கதையைத் தம் ஊருக்கு இழுத்துக்கொள்வது ஓவியர்க்கெல்லாம் உள்ள பழக்கம். பிரெஸ்ஸல்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள முதிய புரூகலின் பெத்லகேம் குடிமதிப்பு (1566) ஒரு பனிக்காலத்து பிளெமிய ஊரைக் காட்டுகின்றது. சத்திரத்தின் முன் கூட்டம், பன்றி அடிக்கின்றனர், உறைந்த நீர்மேல் சிறுவர் சறுக்கி விளையாடுகின்றனர். இக்கூட்டத்தில் வாளரம் தோளில் தாங்கிய ஒரு தச்சரும், கழுதைமேல் போர்த்திய ஒரு பெண்ணும் ஒருவர் கண்ணிலும் படாமல் செல்கின்றனர். பிள்ளைகள் அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். வகுப்பில் இதைவிடச் சிறந்த விளையாட்டு இல்லை. அத்தேடலிலேயே கதையின் பொருளும் அடங்கிவிடுகின்றது.

புரூகல் தூரிகையால் செய்ததை வீரமாமுனிவர் தமிழால் செய்தார். 1726-இல் முடிந்த தேம்பாவணி, 3 காண்டமும் 36 படலமும் 3615 பாடலும் கொண்டு சூசையப்பரை வளன் என்னும் தலைவனாக்கிப் பாடுகின்றது. நாட்டுப்படலம், நகரப்படலம் என்று தமிழ்க் காப்பிய முறையிலேயே அது தொடங்குகின்றது. அங்கே யூதேயா மழையும் வயலும் வளமும் நிறைந்த தமிழ்நாடாகவே காட்சி தருகின்றது. பாலத்தீனத்தில் நெல்வயல் ஏது என்று வீரமாமுனிவரைக் கேட்பவர், பெத்லகேமில் சறுக்கு விளையாட்டு ஏது என்று புரூகலையும் கேட்கட்டும். கோனான்குப்பத்துப் பெரியநாயகி அன்னைக்குத் தமிழ்ப் பெண்ணின் கோலம் அமைந்ததற்கும் அவரே காரணர் என்று வழங்கும் செய்தி இதனோடு ஒத்துப்போகின்றது.

நம் காலத்துக்கு அண்மையில் இலங்கையில் டேவிட் பெயிண்டர் (1900–1975) இதைத் துணிந்து செய்தார். கண்டி திரித்துவக் கல்லூரிச் சிற்றாலயத்தின் சுவர்களில் நல்ல சமாரியன், சீடர் கால் கழுவுதல், சிலுவைப்பாடு முதலியவற்றை இலங்கை மண்ணிலும் இலங்கை முகங்களிலும் தீட்டினார். சிலுவையில் அவர் காட்டிய கிறித்துவுக்குத் தாடி இல்லை. இது பலரை உறுத்தியது. உறுத்தியவர்க்கு வரலாறு தெரியாது என்றே கொள்ளவேண்டும். உரோமை நிலத்தடிக் கல்லறைகளில் பண்டைக் கிறித்தவர் எழுதிய நல்லாயனுக்கும் தாடி இல்லை. 1601-இல் கரவாஜியோ தீட்டிய எம்மாவு விருந்தின் கிறித்துவுக்கும் இல்லை. தாடியை மூலம் எங்கும் விதிக்கவில்லை. நாட்காட்டியே விதித்தது.

ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை. வேட்டியும் புடவையும் உடுத்திவிட்டால் படம் தமிழ்ப்படமாகிவிடாது. அதே மென்முகத்தைக் கறுப்பு வண்ணத்தில் வரைந்து, பின்னால் ஒரு தென்னையை நட்டு விற்கும் படங்களும் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றிலும் கேட்பதற்கு ஒன்றுமில்லை. பெயிண்டர் மதிக்கப்படுவது அவர் வரைந்த உடைக்காகவன்று. அடிபட்டுக் கிடப்பவன் நம் சாலையோரத்தில் கிடக்கின்றான் என்று பார்ப்பவரைத் திடுக்கிடச் செய்ததற்காகவே.

எல்லா ஓவியமும் எல்லா வயதுக்கும் ஆகா என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? ஈசாக்கைப் பலியிடும் காட்சியில் கரவாஜியோ, தந்தையின் கையால் கழுத்து அமுக்கப்பட்டு அலறும் சிறுவனின் முகத்தைக் காட்டுகின்றார். பெரியவர்க்கே தாங்காத படம் அது. ஏழு வயதுக் குழந்தை அன்றிரவு தன் தந்தையின் அருகில் உறங்கவேண்டும்.

இடமும் கருதத்தக்கது. தமிழ்ப்பள்ளி வகுப்பறையில் இந்துப் பிள்ளைகளே மிகுதி. தமிழ் முசுலிம் பிள்ளைகளும் உண்டு. ஆபிரகாம் அவர்கட்கு இபுராகிம் நபி. நபிமாரை உருவாக எழுதுவது அவர்கள் நெறியில் ஏற்கப்படுவதன்று. ஆகவே மேற்கூறிய ஓவியங்களுக்கு உரிய இடம் கிறித்தவ இல்லமும் ஞாயிறு வகுப்புமே. பள்ளிக்கூட ஆசிரியர் நல்லெண்ணத்தோடு செய்தாலும், பொதுவகுப்பில் இவற்றைக் காட்டுவது பிறர் பிள்ளையின் மனத்தைப் பெற்றோர் அறியாமல் தொடுவதாகும். ஆனால் ஓவியத்தைப் படிக்கும் பயிற்சி எவர்க்கும் பொது. இதே முறையில் ஒரு சோழர் காலச் செப்புத்திருமேனியையோ சித்தன்னவாசல் தாமரைக்குளத்தையோ பார்க்கப் பழக்கலாம்.

ஆயர் ஈத்தாமில் இவ்வளவு தொலைவு போகாமலே ஒரு பாடம் காத்திருக்கின்றது. அவ்வூர் மட்பாண்டத்துக்குப் பெயர்பெற்றது. எரேமியா குயவன் வீட்டுக்குப் போன கதைக்கு ஓவியம் தேடி அலையவேண்டியதில்லை. சக்கரத்தின் முன் பிள்ளைகளை ஒரு காலைப்பொழுது நிறுத்தினால் போதும். கையில் கெட்டுப்போன பாண்டத்தை வனைபவர் எறிந்துவிடாமல், அதே மண்ணைத் திரும்பப் பிசைந்து வேறொரு கலமாக எடுப்பதை அவர்கள் காண்பார்கள். திரும்பி வந்தபின் கதையைச் சொல்லி, ஆளுக்கொரு தாளும் வண்ணக்கோலும் கொடுத்துவிடலாம். அவர்கள் வரையும் குயவர் அரைக்கால் சட்டையணிந்த சீனப் பெரியவராக இருந்தால் ஆசிரியர் அழிப்பானை எடுக்கவேண்டா.